திட்டத்திலிருந்து சந்தைக்கு: உற்பத்தி சரிந்தது ஏன்?

மழை பொய்த்தால் விளைச்சல் குறையும். போர் மூண்டால் ஆலைகள் நிற்கும். வெள்ளம் புகுந்தால் தறிக்குழியில் நீர் தேங்கும். இவற்றால் ஒரு நாட்டின் உற்பத்தி குறைவதை எவரும் எளிதில் உணர்வர். ஆனால் 1989-ஆம் ஆண்டிற்குப் பின், மத்திய ஐரோப்பாவிலிருந்து பசிபிக் கடற்கரை வரை பரந்து கிடந்த பொதுவுடைமை நாடுகளில் நேர்ந்தது வேறு வகையானது. சில பகுதிகளில் உள்நாட்டுப் போர் நடந்தது உண்மையே. எனினும் போரே நடவாத நாடுகளிலும் உற்பத்தி சரிந்தது. அங்கே ஆலைகள் இடிந்து விழவில்லை. இயந்திரங்கள் ஓரிரவில் பழுதடைந்துவிடவுமில்லை. தொழில் தெரிந்தவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். நிலமும் இருந்தது, உழுவோரும் இருந்தனர். அரசாங்கத் திட்டத்தை விட்டுச் சந்தை முறைக்கு மாறினால் வளம் பெருகும் என்றே மக்கள் நம்பினர். பெருகுவதற்கு மாறாக, ஆண்டுக்கு ஆண்டு உற்பத்தி குன்றியது.

இஃது பொருளாதார நூல் வல்லோர்க்கு மட்டும் உரிய கேள்வியன்று. பருத்தி விளைவிப்போரும் நூலை நெய்வோரும் ஒருவரையொருவர் நம்பித் தொழில் நடத்தும் நமக்கு இது மிகவும் நெருங்கிய கேள்வியாகும். ஆகவே இதனைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

சரிவின் அளவு

போலந்து நாடு 1990-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் சந்தை முறைக்குள் புகுந்தது. அவ்வாண்டிலும் அடுத்த ஆண்டிலுமாக அந்நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைந்தது. 1992-இல் வளர்ச்சி திரும்பியது. 1996-ஐ ஒட்டிப் பழைய நிலையை அடைந்தது. போலந்தின் நிலையே மற்ற நாடுகளினும் மேலானது.

ருஷ்யாவில் 1990 முதல் 1998 வரை சரிவு நீடித்தது. அக்காலத்தில் மொத்த உற்பத்தியில் 100-க்குச் சுமார் 40 பங்கு மறைந்தது. உக்ரேனில் 1999-ஆம் ஆண்டிற்குள் 100-க்கு 60 பங்கு அளவிற்குக் குறைந்தது. 1929 முதல் 1933 வரை அமெரிக்காவை வாட்டிய பெருமந்தத்தில் அந்நாடு இழந்தது 100-க்கு 30-ஐ ஒட்டியதேயாகும். அதையே உலகம் பேரிடர் என்று நூற்றாண்டு காலமாகப் பேசி வருகிறது. அதனினும் ஆழமானதும் நீண்டதுமான சரிவை ருஷ்ய மக்கள் கண்டனர்.

நெசவுத் தொழிலை மட்டும் தனியே எடுத்துக்கொண்டால் வீழ்ச்சி இன்னும் கொடியது. 1990-இல் ருஷ்யா 800 கோடி சதுர மீட்டருக்கு மேல் துணி நெய்தது. 1995-இல் அது 200 கோடி சதுர மீட்டருக்கும் கீழே இறங்கிவிட்டது. நான்கு ஆலைகள் ஓடிய இடத்தில் ஒன்று ஓடியது எனலாம். இதன் காரணத்தை அறியப் பழைய ஏற்பாடு எவ்வாறு இருந்தது என்பதை முதலில் காணவேண்டும்.

பருத்தியும் ஆலையும்

சோவியத் நாட்டின் பருத்தியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மத்திய ஆசியாவிலுள்ள உஸ்பெகிஸ்தானில் விளைந்தது. அதை நெய்யும் ஆலைகளோ ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால், மாஸ்கோவுக்கு வடகிழக்கே இவானவோ என்னும் நகரைச் சுற்றி இருந்தன. அந்நகருக்கு ‘ருஷ்யாவின் மான்செஸ்டர்’ என்று பெயர். ஆலைகளில் பெண்களே பெருந்தொகையினராக வேலை செய்தமையால் ‘மணப்பெண்களின் நகரம்’ என்றும் அழைப்பர்.

பருத்தி விளைவித்த உழவர் தம் பஞ்சு எந்த ஆலைக்குப் போகிறது என்று கேட்டதில்லை. ஆலை மேலாளரும் பஞ்சு தேடி அலைந்ததில்லை. மாஸ்கோவிலிருந்த திட்டக் குழு ஒவ்வோர் ஆலைக்கும் இவ்வளவு பஞ்சு, இந்த விலை, இந்த நாள், இவ்வளவு துணி என்று ஆணையிட்டது. துணியை வாங்குவோர் யார் என்பதையும் அதுவே தீர்மானித்தது. விலை என்பது கணக்கேட்டில் எழுதும் ஓர் எண்ணாகவே இருந்தது. உலகச் சந்தையின் விலைக்கும் அதற்கும் தொடர்பில்லை. பல பண்டங்களுக்கு நாடு முழுவதிலும் ஒரே ஓர் ஆலைதான் இருந்தது. அந்த ஆலை நின்றால் மாற்று வழி இல்லை.

இந்த ஏற்பாட்டில் குறைகள் மலிந்திருந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. கடைகளில் சரக்கின்றி மக்கள் வரிசையில் நின்றனர். வேண்டாத பண்டம் குவிந்தது. வேண்டிய பண்டம் கிடைக்கவில்லை. தரம் தாழ்ந்தது. பருத்திக்காக ஆறுகளைத் திருப்பியதால் ஆரல் கடலே வற்றலாயிற்று. ஆயினும் ஒன்று உண்மை. எவ்வளவு குறைபாடு உடையதாயினும், பஞ்சை நூலோடும், நூலைத் துணியோடும், துணியைக் கடையோடும் அந்த ஆணை இணைத்து வைத்திருந்தது.

1991-ஆம் ஆண்டு ஆகஸ்டு இறுதியில் உஸ்பெகிஸ்தான் தன்னாட்சி அறிவித்தது. அவ்வாண்டு டிசம்பரில் சோவியத் ஒன்றியம் கலைந்தது. 1992 ஜனவரி 2-ஆம் நாள், யெகோர் கெய்தார் வகுத்த ஏற்பாட்டின்படி ருஷ்ய அரசு பெரும்பாலான விலைகளின் கட்டுப்பாட்டை நீக்கியது. அந்த ஓராண்டில் விலைவாசி ஏறத்தாழ 26 மடங்கு உயர்ந்தது. மக்கள் வாழ்நாளெல்லாம் சேர்த்த சேமிப்பு மாவு வாங்கவும் போதாததாயிற்று. 1993-இல் பொது ரூபிள் நாணயமும் முறிந்தது. உஸ்பெகிஸ்தான் தனக்கெனத் தனி நாணயம் கண்டது.

இப்பொழுது உஸ்பெகிஸ்தான் தன் பருத்தியை உலகச் சந்தையில் டாலருக்கு விற்கலாம். இவானவோ ஆலைகளிடம் டாலர் இல்லை. துணியைக் கடனுக்கு வாங்கியோர் பணம் செலுத்தவில்லை. பணவீக்கத்தில் கைமுதல் கரைந்துவிட்டது. எல்லை திறந்ததும் வெளிநாட்டு மலிவுத் துணிகளும் வந்து குவிந்தன. தறிகள் நின்றன. நெசவறிந்த பெண்கள் வீட்டில் அமர்ந்தனர். அவர்களுடைய கைத்திறன் ஓர் இழையளவும் குறையவில்லை. கைக்கு வர வேண்டிய நூல்தான் வரவில்லை.

ஆறு கண்ணிகளின் கணக்கு

ஒலிவியே பிளான்ஷார், மைக்கேல் கிரீமர் என்னும் இரு பொருளாதார அறிஞர்கள் 1997-இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தனர். அதனை அவர்கள் ‘அமைப்புக் குலைவு’ என்னும் பொருள்படப் பெயரிட்டனர். அவர்கள் கருத்தை நம் தொழிலிலிருந்தே ஓர் உதாரணம் கொண்டு விளக்குவோம்.

ஒரு சேலை உருவாக, பருத்தி விளைவிப்பவர், விதை நீக்கும் அரவை ஆலையார், நூற்பாலையார், சாயம் தோய்ப்பவர், பாவு ஓடிக் கஞ்சி போடுபவர், நெசவாளர் என ஆறு கைகள் வேண்டும் என்று கொள்வோம். ஒவ்வொருவரும் பத்து முறைக்கு ஒன்பது முறை சொன்னபடி சரக்குத் தருகிறார். ஒரு முறை தவறுகிறார். இது பெரிய குற்றமாகத் தோன்றாது. ஆனால் கணக்கிட்டுப் பாருங்கள். முதல் கையைக் கடக்கும்போது 100-க்கு 90 நிற்கும், இரண்டாவதில் 81, மூன்றாவதில் 73, நான்காவதில் 66, ஐந்தாவதில் 59, ஆறாவது கையில் 53. ஒவ்வொருவரும் பத்தில் ஒன்றே தவறினாலும், முடிவில் ஏறத்தாழப் பாதிச் சேலைகள் நெய்யப்படாமலே போகின்றன.

ஏன் தவறுகிறார்? அவர் சோம்பேறியோ வஞ்சகரோ அல்லர். வெளியூர் வியாபாரி ஒருவர் சற்றுக் கூடுதல் விலை கொடுக்க முன்வருகிறார். அரவை ஆலையார் பஞ்சை அவருக்கு விற்றுவிடுகிறார். அவருக்குக் கிடைத்த இலாபம் சிறிது. ஆனால் பின்னால் நிற்கும் நால்வரின் உழைப்பு முழுவதும் அன்றைக்கு வீணாகிறது. தனிமனிதரின் சிறு இலாபம் எல்லோருக்கும் பெரு நஷ்டமாகும் விந்தை இதுவே.

பழைய திட்ட முறையில் ஆணை இதனைத் தடுத்தது. நன்கு வேரூன்றிய சந்தை முறையிலும் இது பெரிதாக நேர்வதில்லை. அங்கே ஒருவர் தராவிடில் வேறொருவர் தருவார். ஒப்பந்தம் மீறினால் நீதிமன்றம் உண்டு. வங்கிக் கடன் உண்டு. நாணயம் கெட்டவரோடு நாளை எவரும் வாணிகம் செய்யமாட்டார். திட்டம் போய், சந்தை இன்னும் வேரூன்றாத இடைக்காலத்திலோ இவ்விரண்டு காவலும் இல்லை. பல மூலப் பொருள்களைக் கொண்டு செய்யப்படும் சிக்கலான பண்டங்களின் உற்பத்தியே மிகுதியாக வீழ்ந்தது என்பதை அவ்வறிஞர்கள் புள்ளிவிவரங்களோடு காட்டினர். கண்ணிகள் கூடக் கூட வீழ்ச்சியும் கூடிற்று.

வேறு காரணங்கள்

இஃதொன்றே காரணம் என்று கூறுதல் பொருந்தாது. ஹங்கேரி நாட்டு அறிஞர் யானோஷ் கோர்னாய் வேறொன்றைச் சுட்டினார். பற்றாக்குறையில் வாழ்ந்த பழைய முறையில் விற்பவர் அமர்ந்திருந்தார், வாங்குபவர் காத்து நின்றார். புதிய முறையில் வாங்குபவர் அமர்ந்தார், விற்பவர் அலைய வேண்டியதாயிற்று. வாங்குவோரைத் தேடும் பழக்கமே அறியாத ஆலைகள் திகைத்து நின்றன.

பொதுவுடைமை நாடுகள் தமக்குள் வாணிகம் நடத்த 1949-இல் அமைத்த கூட்டமைப்பும் 1991-இல் கலைந்தது. அவ்வாண்டின் தொடக்கம் முதலே அந்நாடுகள் ஒன்றுக்கொன்று உலக விலையில், டாலரில் விலை கொடுக்கலாயின. சோவியத் நாட்டை நம்பிப் பேருந்துகள் கட்டிவந்த ஹங்கேரியின் இக்காரஸ் ஆலை போன்றவை வாங்குவோரின்றித் தவித்தன. ருஷ்ய அரசு 1992-இல் படைக்கலக் கொள்முதலை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தது. ஆயுத ஆலைகளைச் சுற்றியே வளர்ந்த ஊர்கள் வேலை இழந்தன.

பணம் கைக்குக் கை செல்வதும் தடைப்பட்டது. 1998-ஐ ஒட்டி ருஷ்ய ஆலைகளின் விற்பனையில் ஏறத்தாழப் பாதி பண்டமாற்றாகவே நடந்தது. கூலியும் பண்டமாகவே தரப்பட்டது. படிகக் கண்ணாடிக்குப் பெயர்பெற்ற குஸ்-க்ருஸ்தால்னி என்னும் ஊரில், கூலிக்குப் பதிலாகக் கண்ணாடிப் பாத்திரங்களைப் பெற்ற தொழிலாளர்கள் அவற்றைச் சாலையோரத்தில் வைத்துப் பயணிகளிடம் விற்று உணவு தேடினர். கூலிக்குப் பதில் துணியைப் பெற்றுத் தெருத்தெருவாக விற்கும் நெசவாளரின் துன்பம் எத்தகையது என்பதை நம் அங்கத்தினர்க்கு விளக்க வேண்டுவதில்லை.

முழுவதும் நஷ்டமா?

கணக்கில் கண்ட குறைவு அனைத்தும் மக்களின் நஷ்டமே என்று கொள்ளவும் கூடாது. எவரும் அணிய விரும்பாத காலணியும், எவரும் கேளாத பீரங்கியும் உற்பத்தியாவது நின்றால் அது இழப்பாகாது. பழைய காலத்தில் மேலதிகாரிகளுக்காக உற்பத்தியைக் கூட்டி எழுதிய வழக்கமும் உண்டு. புதிய காலத்தில் வரிக்கு அஞ்சிக் குறைத்து எழுதிய வழக்கமும் உண்டு. வீட்டுக் கொல்லைகளில் மக்கள் பயிரிட்டு உண்ட உருளைக்கிழங்கு எந்தக் கணக்கிலும் முழுமையாக ஏறவில்லை. வரிசையில் நிற்கும் துன்பம் நீங்கியதும் ஒரு நன்மையே.

இவற்றையெல்லாம் கழித்த பின்னும் எஞ்சுவது மிகப் பெரிது. 1990-இல் ருஷ்ய ஆடவரின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 64 ஆண்டுகளாக இருந்தது. 1994-இல் அது 58 ஆண்டுகளுக்கும் கீழே சென்றது. அமைதிக் காலத்தில், கல்வி மிக்க ஒரு நாட்டில் இத்தகைய குறைவு மிகவும் அரிது. வேலை போனதும், குடிப்பழக்கமும், மனக்கவலையும், மருத்துவச் சீர்கேடும் சேர்ந்து செய்த அழிவு அது. கணக்கேட்டில் எழுதிய எண்களைப் பற்றி அறிஞர்கள் வாதிடலாம். கல்லறைகளைப் பற்றி வாதம் இல்லை.

போலந்தும் சீனமும்

விரைவாக மாறியதே தவறு என்று சிலர் கூறுவர். ஆனால் போலந்தும் விலைக் கட்டுப்பாட்டை ஒரே நாளில் நீக்கிய நாடுதான். பொதுவுடைமை ஆட்சியிலும் அந்நாட்டு விளைநிலத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு குடும்ப உழவரிடமே இருந்தது. சிறுகடைகளும் பட்டறைகளும் விரைவில் ஆயிரக்கணக்கில் முளைத்தன. மேற்கு ஐரோப்பியச் சந்தை அருகில் இருந்தது. கடன் கொடுத்த அரசுகள் 1991-இல் தம் கடனில் பாதியைத் தள்ளுபடி செய்ய இசைந்தன. இவை யாவும் துணை நின்றமையால் அறுந்த கண்ணிகள் விரைவில் மீண்டும் சேர்ந்தன.

அந்நாட்டிலும் நாம் கருத்தூன்றிக் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. 1990 ஜனவரி 20-ஆம் நாள் இயற்றிய சட்டத்தின் மூலம் போலந்து அரசு கூட்டுறவுச் சங்கங்களின் மாவட்ட, மத்திய ஒன்றியங்களைக் கலைத்துவிட்டது. அவை பழைய ஆட்சியின் கருவிகளாக இருந்தன என்பது காரணம். அதில் உண்மையும் இருந்தது. கீழே இருந்த ஆரம்பச் சங்கங்கள் கலைக்கப்படவில்லை. ஆனால் கொள்முதல், விற்பனை, ஆலோசனை எல்லாவற்றிற்கும் மேற்சங்கத்தை நம்பியிருந்த அவை, மிகக் கடினமான காலத்தில் தனித்தனியே நிற்க நேர்ந்தது. பல சங்கங்கள் நலிந்து மறைந்தன. எனினும் நிலைத்து நின்றவையும் உண்டு. மிலெக்போல், மிலெகோவிதா என்னும் பால் கூட்டுறவுகள் உழவர்களின் பாலைத் தவறாது வாங்கி, அண்டைச் சங்கங்களைத் தம்மோடு சேர்த்து, போலந்தின் மிகப் பெரிய பால் நிறுவனங்களின் வரிசைக்கு உயர்ந்தன.

சீனா வேறு வழி சென்றது. 1978-இன் இறுதியில் தொடங்கிய சீர்திருத்தத்தில், நிலத்தைக் குடும்பங்களுக்குக் குத்தகையாகப் பிரித்துக் கொடுத்தனர். அரசுக்கு உரிய பங்கைப் பழைய விலையில் செலுத்திய பின், மிகுதியைச் சந்தை விலையில் விற்கலாம் என்றனர். ஆலைகளுக்கும் இந்த இரட்டை முறையே வந்தது. பழைய கண்ணி அறாமலே அதன் அருகில் புதிய கண்ணி வளர்ந்தது, உற்பத்தியும் சரியவில்லை. ஆனால் சீனாவின் வழியை ருஷ்யா அப்படியே பின்பற்றியிருக்கலாம் என்று சொல்வதும் எளிதன்று. அக்காலத்தில் சீனத் தொழிலாளரில் 100-க்கு 70 பேர் உழவர். நெல் விளைத்துச் சந்தைக்குக் கொண்டு செல்வதில் கண்ணிகள் குறைவு. வியட்நாம் 1989-இல் விலைகளை விரைந்து விடுவித்தும் உற்பத்தி சரியாததற்கு இதுவும் ஒரு காரணமாகும். மேலும் சோவியத் நாட்டில் அரசே கலைந்துவிட்டது. இரட்டை முறையை நடத்த ஆள் இல்லை.

விளைவித்தவர் பெற்றது என்ன?

பருத்தி விளைந்த உஸ்பெகிஸ்தானில் சரிவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கோடு நின்றது. சோவியத் குடியரசுகளில் இது மிகக் குறைந்த சரிவுகளில் ஒன்று. பருத்தியை எந்த நாட்டிற்கும் விற்கலாம் என்பதே அதற்குரிய முக்கிய காரணம். ஆனால் இதைக் கொண்டு அங்கே உழவர் செழித்தனர் என்று எண்ணலாகாது. அரசே குறைந்த விலை நிர்ணயித்துப் பருத்தியை வாங்கி, உலக விலைக்கு விற்று, இடையிலுள்ள தொகையை எடுத்துக்கொண்டது. பருத்தி எடுக்கும் பருவத்தில் மாணவர், ஆசிரியர், சிறுவர் எனப் பலரும் பல ஆண்டுகள் கட்டாயமாக வயலுக்கு அனுப்பப்பட்டனர். பருத்திக்கான அரசு ஆணை முறை 2020-இல்தான் நீக்கப்பட்டது. ஆகவே ஒரு நாட்டின் மொத்த உற்பத்தி குறையவில்லை என்றால் விளைவித்தவர் வயிறு நிறைந்தது என்று பொருளாகாது. உற்பத்தி எவ்வளவு என்பதோடு, அது யார் கைக்குப் போகிறது என்பதையும் கேட்க வேண்டும்.

இந்த அதிர்ச்சி நம் நாட்டையும் தொட்டது. சோவியத் நாடு ரூபாய்க் கணக்கில் நம்மிடமிருந்து தேயிலை, துணி, பின்னலாடை, தோல் முதலியவற்றை வாங்கி வந்தது. 1990-91-இல் நம் ஏற்றுமதியில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு அங்கே சென்றது. இரண்டு ஆண்டுகளுக்குள் ருஷ்யாவுக்குச் சென்ற பங்கு 100-க்கு 4-க்கும் கீழானது. அந்த ஒரே வாங்குபவரை நம்பி நூல் வாங்கிப் பின்னிய பட்டறைகள், தம் குற்றம் ஏதுமின்றியே துன்புற்றன.

நாம் அறிந்துகொள்வது

ஒரு நாட்டின் செல்வம் ஆலையிலும் நிலத்திலும் மட்டும் இல்லை. யாரிடம் வாங்குவது, யாருக்கு விற்பது, யாரை நம்பிக் கடன் கொடுப்பது என்னும் தொடர்புகளும் செல்வமே. இத்தொடர்புகள் எந்த ஐந்தொகையிலும் சொத்தாக எழுதப்படுவதில்லை. அதனால் அவை அறுபடும்போது எவரும் நஷ்டக் கணக்கு எழுதுவதுமில்லை. தறி நின்ற பிறகே தெரிகிறது.

பழைய ஏற்பாடு கெட்டதாக இருக்கலாம். அதை மாற்ற வேண்டியதும் கடமையாக இருக்கலாம். ஆனால் மாற்றும் முறை ஒன்று உண்டு. நெசவாளர் அதை நன்கு அறிவர். ஒரு பாவு முடிந்தால் அச்சிலும் விழுதிலும் கோத்த பழைய இழைகளை உருவி எறிந்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவதில்லை. பழைய பாவின் நுனி ஒவ்வொன்றோடும் புதிய பாவின் இழையைப் பிணைத்த பிறகே பழையதை இழுத்துவிடுகின்றனர். பிணைப்பது சலிப்பூட்டும் வேலைதான். அவ்வேலையைச் செய்யாது விட்டால் இழக்கும் நாட்கள் அதனினும் பல.

நம் சங்கங்களுக்கும் மாற்றங்கள் வரும். நூல் தரும் ஆலை மாறலாம். சரக்கு எடுக்கும் நிறுவனம் மாறலாம். சர்க்காரின் தள்ளுபடியும் மானியமும் மாறலாம். அப்போது நிர்வாகக் குழுவினர் சில கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நன்று. நமக்கு நூல் தருபவர் ஒருவரா, இருவரா? நம் துணியை எடுப்பவர் ஒருவர் நின்றால் மறுவாரம் தறி ஓடுமா? பருத்தி விளைவிக்கும் சங்கமும் நெசவுச் சங்கமும் பருவம் தொடங்குமுன் அமர்ந்து பேசுகின்றனவா? மேற்சங்கம் குறையுடையது எனில் அதைத் திருத்தப் போகிறோமா, அன்றி அதன் இடத்தில் ஒன்று வருவதற்கு முன்பே கைவிடப் போகிறோமா? இவற்றை அடுத்த பொதுக்குழுவில் அங்கத்தினர்கள் தயங்காது எழுப்ப வேண்டும். இவானவோவின் நெசவுப் பெண்களிடம் இக்கேள்விகளை எவரும் கேட்கவில்லை. நம்மிடம் கேட்பதற்கு நாமே இருக்கிறோம்.